தம்பி தம்மாமில் மாட்டிக்கொண்டிருக்கிறான்: தூதரகத்திடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

முதுகுளத்தூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 27 வயது; எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டு ஓட்டுநர் விசாவில் சவுதி அரேபியாவின் தம்மாமுக்குப் போனான். முதல் ஆண்டு சம்பளம் ஒழுங்காக வந்தது. கடந்த ஐந்து மாதங்களாக கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) ஒரு ரியால்கூடக் கொடுக்கவில்லை. கடவுச்சீட்டு அவரிடம்தான் இருக்கிறது. இக்காமா (சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) முடிந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. புதுப்பிக்கச் சொன்னால் "பார்க்கலாம்" என்கிறாராம். இரவு வேலை முடிந்து, வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் தம்பி அனுப்பும் குரல் செய்தியைத்தான் அம்மா விடிந்ததும் முதலில் கேட்கிறார்.

அனுப்பிவைத்த ஏஜென்ட் 1,10,000 ரூபாய் வாங்கினார். இப்போது அழைத்தால் எடுப்பதில்லை. உடன் இருக்கும் நண்பர்கள், "கஃபீல் வீட்டை விட்டு வெளியேறி ரியாத் தூதரகத்துக்குப் போ, அவுட்பாஸ் கொடுப்பார்கள், ஊருக்குப் போய்விடலாம்" என்கிறார்கள். தம்மாமிலிருந்து ரியாத் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இக்காமா இல்லாமல் வழியில் பிடிபட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. தூதரகம் உண்மையில் என்ன செய்யும், எதைச் செய்ய முடியாது, ஊரில் இருந்துகொண்டு நாங்கள் செய்யக்கூடியது என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் இருப்போம்.

தம்மாம்வாசி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். நான் கிழக்கு மாகாணத்தில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். இதுபோன்ற வழக்குகளில் தூதரகத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் பல முறை துணைக்குப் போயிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பியிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: எங்கும் புகார் பதியாமல் வீட்டை விட்டு வெளியேற வேண்டாம். அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு; அப்போது ஒரு நிமிடமும் தங்கக்கூடாது. சம்பளப் பிரச்சினை மட்டும் என்றால், அவர் வெளியேறிய மறுநாளே கஃபீல் "ஹுரூப்", அதாவது ஓடிப்போய்விட்டார் என்று பதிவு செய்துவிட முடியும். அதன் பிறகு சம்பள பாக்கி கேட்கும் இடத்தில் இருந்த மனிதர், தலைமறைவுக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் இடத்தில் வந்து நிற்பார். ஏற்கெனவே ஹுரூப் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். இக்காமா அட்டையில் 2-இல் தொடங்கும் பத்து இலக்க எண் இருக்கும். அதை வைத்து சவுதி மனிதவள அமைச்சகத்தின் தளத்தில் தெரிந்துகொள்ளலாம். தம்பிக்கு முடியாவிட்டால் அங்கே தெரிந்தவர் யாரிடமாவது எண்ணைக் கொடுத்தால் போதும்.

அடுத்து, அவுட்பாஸ். நம் மக்கள் அவுட்பாஸ் என்றும் வெள்ளைப் பாஸ்போர்ட் என்றும் சொல்வது, தூதரகம் தரும் அவசரச் சான்றிதழை. கடவுச்சீட்டு இல்லாத இந்தியக் குடிமகன் இந்தியாவுக்கு ஒரு முறை மட்டும் திரும்பிச் செல்வதற்கான ஆவணம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்குள் நுழையலாம். சவுதியை விட்டு வெளியேறுவதற்கு சவுதியின் ஜவாசாத் (கடவுச்சீட்டு, குடிவரவு) அலுவலகம் தரும் இறுதி வெளியேற்ற அனுமதி தனியாக வேண்டும். அதைத் தரும் அதிகாரம் எந்த நாட்டுத் தூதரகத்துக்கும் கிடையாது. 2013-லும் 2017-லும் சவுதி அரசு பொதுமன்னிப்பு அறிவித்தபோது, அவசரச் சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கு வெளியேற்ற அனுமதி எளிதாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி ஊர் திரும்பினார்கள். "அவுட்பாஸ் வாங்கினால் போதும்" என்ற பேச்சு அந்த நாட்களிலிருந்து தங்கிவிட்டது. பொதுமன்னிப்பு இல்லாத காலத்தில் அந்தத் தாளை மட்டும் நம்பி ஒருவர் வீட்டை விட்டு வெளியேறினால் மாதக்கணக்கில் அலைய நேரிடும். அப்படி அலைந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 மார்ச்சில் நடப்புக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, நிறுவனத் தொழிலாளர்கள் சில நிபந்தனைகளோடு முதலாளியின் ஒப்புதல் இல்லாமலேயே வெளியேற்ற அனுமதி கேட்கலாம். வீட்டு ஓட்டுநர்களும் வீட்டுப் பணியாளர்களும் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, நிறுவன விசாவில் இருக்கும் நண்பர் தனக்கு நடந்ததைச் சொன்னால் அது தம்பிக்குப் பொருந்தாது.

தூதரகம் என்ன செய்யும் என்று கேட்டிருந்தீர்கள். கஃபீலை அழைத்துப் பேசும். பேச்சு எடுபடாவிட்டால் சவுதி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதும். தொழிலாளர் அலுவலகத்தில் அரபியில் புகார் பதிய ஆள் இல்லாதவருக்கு மொழிபெயர்ப்பாளரையோ அங்கீகரிக்கப்பட்ட சமூகத் தொண்டரையோ உடன் அனுப்பும். கடவுச்சீட்டைத் திருப்பித் தரும்படி கேட்கும். 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அந்தச் சிறு புத்தகம் எந்நேரமும் இந்திய அரசின் உடைமை. கஃபீலின் அலமாரியில் அது இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தம்பி கைது செய்யப்பட்டால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அலுவலர் சிறைக்கே வந்து பார்க்கலாம். 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அந்த உரிமையைத் தருகிறது. அதே உடன்படிக்கை, உள்நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் தூதரகத்துக்கு விதிக்கிறது. அதனால் சவுதி நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றவோ கஃபீலுக்கு உத்தரவு போடவோ தூதரகத்தால் இயலாது.

ரியாத்துக்கு உடனே போக வேண்டியதில்லை. கிழக்கு மாகாணம் ரியாத் தூதரகத்தின் பொறுப்பில்தான் வருகிறது (ஜெத்தா துணைத் தூதரகத்துக்கு எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டாம்). தூதரக அலுவலர்கள் தம்மாம், ஜுபைல் பகுதிகளுக்கு அவ்வப்போது வந்து முகாம் நடத்துகிறார்கள். முகாம் தேதி தூதரகத்தின் தளத்தில் வெளியாகும்.

மனு எழுதுபவர் எழுதியது:

தம்மாம் நண்பர் அங்கே செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் பத்து ஆண்டுகளாக இத்தகைய மனுக்களை எழுதிக் கொடுத்துவருகிறேன்.

வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" என்ற குறைதீர்ப்புத் தளம் 2015 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. அதில் தம்பியின் சார்பில் நீங்களே புகார் பதியலாம். புகார் நேரே ரியாத் தூதரகத்தின் உரிய அலுவலருக்குப் போகும். உங்களுக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் தாள் மனு கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது சுற்றிச் சுற்றிப் போய் அதே மேசைக்கு வந்து சேர நாளாகும்.

மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். "என் தம்பியைக் கொடுமைப்படுத்துகிறார்கள், எப்படியாவது காப்பாற்றுங்கள்" என்று இரண்டு பக்கம் கண்ணீரோடு எழுதிய மனுவைப் பார்த்திருக்கிறேன். அதில் இக்காமா எண் இல்லை, கஃபீலின் பெயர் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. படிக்கும் அலுவலருக்கு மனம் இளகினாலும் யாரைக் கூப்பிடுவது? இப்படி எழுதுங்கள்: "கடவுச்சீட்டு எண் இன்னது, இக்காமா எண் இன்னது கொண்ட என் தம்பி, தம்மாம் நகரின் இன்ன பகுதியில், இன்ன கைப்பேசி எண் உடைய இன்னாரிடம் வீட்டு ஓட்டுநராக உள்ளார். இன்ன மாதம் முதல் ஐந்து மாதச் சம்பளமாக இத்தனை ரியால் பாக்கி. இக்காமா இன்ன தேதியில் முடிந்தது. கடவுச்சீட்டு முதலாளியிடம் உள்ளது. சம்பள பாக்கியைப் பெற்று, இறுதி வெளியேற்ற அனுமதியுடன் ஊர் திரும்ப உதவுமாறு வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். இக்காமா, விசா, ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் கடைசியாகச் சம்பளம் ஏறிய நாளைக் காட்டும் பக்கம் ஆகியவற்றின் படங்களை இணையுங்கள்.

தம்பி பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்பதால் அவருடைய கடவுச்சீட்டு, குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். சவுதிக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற இந்திய அரசு அதிகாரியின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெற்றிருந்தால் அவருடைய ஒப்பந்தமும் சம்பளமும் இந்திய அரசின் இ-மைக்ரேட் என்ற குடிபெயர்வுத் தளத்தில் பதிவாகியிருக்கும். தூதரகம் அதைக் காட்டிக் கஃபீலிடம் பேச முடியும். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதையும் அதே தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 1,10,000 வாங்கியதற்கு ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் தனிப் புகார் கொடுங்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும். அவர்களும் தூதரகத்தோடு தொடர்பு கொண்டு பின்தொடர்கிறார்கள்.

பயணச்சீட்டுக்குப் பணம் இல்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். 2009-இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக நல நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் உண்டு. தூதரகச் சேவைகளுக்குக் கட்டணம் செலுத்தும்போது நம் மக்கள் சேர்த்துக் கட்டும் சிறு தொகைதான் அந்த நிதி. விமானச் சீட்டு, தங்குமிடம், அவசர மருத்துவம், சட்ட உதவி, சிறு அபராதம் ஆகியவற்றை, வழியற்ற நிலையில் இருப்பவருக்கு அதிலிருந்து கொடுக்கலாம்.

ஊர்சுற்றி எழுதியது:

அவசரச் சான்றிதழும் வெளியேற்ற அனுமதியும் வேறு வேறு என்று மேலே சொன்னது சுற்றுலாப் பயணிகளுக்கும் பொருந்தும். பாங்காக்கில் என் பை திருடு போனது. காவல் நிலையத்தில் புகார் எழுதி, அந்தத் தாளோடு சுகும்வித் பகுதியில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். கடவுச்சீட்டின் ஒளிநகல் கைப்பேசியில் இருந்ததால் சான்றிதழ் விரைவில் கிடைத்தது. அதன் பிறகு தாய்லாந்துக் குடிவரவு அலுவலகத்துக்குப் போய், நான் நாட்டுக்குள் வந்த நாளின் முத்திரையைப் புதிய ஆவணத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதைத் தூதரக ஊழியர் ஒருவர் சொல்லி அனுப்பியிருக்காவிட்டால் நேரே விமான நிலையத்துக்குப் போயிருப்பேன்.

ஆலங்குடி சகோதரி எழுதியது:

தம்பி உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். இதை எழுதலாமா என்று யோசித்தேன்; உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருப்பதால் எழுதுகிறேன்.

என் கணவர் ரியாத்தில் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். உடலை அனுப்புவதற்கு எங்கள் சம்மதக் கடிதம் வேண்டும் என்று தூதரகத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள். நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு அன்றே அனுப்பினோம். தூதரகம்தான் இறப்பைப் பதிவு செய்தது, கடவுச்சீட்டை ரத்து செய்தது, தடையின்மைச் சான்று கொடுத்தது. உடலைப் பதப்படுத்தி அனுப்பும் செலவு சவுதித் தொழிலாளர் சட்டப்படி முதலாளியுடையது என்று எடுத்துச் சொல்லி, அவர் வேலை செய்த நிறுவனத்தையே கட்டவைத்ததும் அவர்கள்தான். ஆனாலும் உடல் வந்து சேர 23 நாட்கள் ஆயின. கடவுச்சீட்டில் அவருடைய அப்பா பெயர் ஒரு விதமாகவும் எங்கள் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக ஆறு நாட்கள் தாலுகா அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். உடல் பெட்டி திருச்சி விமான நிலையத்தின் சரக்குப் பகுதிக்கு வந்தபோது, அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் அவர் பெயருக்குக் கீழே அந்தக் கடவுச்சீட்டு எண் இருந்தது. இன்றும் அது எனக்கு மனப்பாடம்.

சம்பள பாக்கியும் பணிக்கொடையும் பிறகு தூதரகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு வந்து, வாரிசுச் சான்றிதழ் காட்டிப் பெற்றுக்கொண்டேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருந்தது, ஆனால் அந்த 10 லட்சம் ரூபாய் விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக ஊனமுற்றால் மட்டும்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் தம்பியின் கடவுச்சீட்டு, ஆதார், குடும்ப அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் மனுவிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

முதுகுளத்தூரான் எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய ஒவ்வொருவருக்கும் என் குடும்பத்தின் நன்றி. சகோதரி, நீங்கள் பட்ட துயரத்தை எங்களுக்காக மீண்டும் நினைத்து எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்காக அவர் அழுதார்.

ஹுரூப் பதியப்படவில்லை என்று தம்பியின் நண்பர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆவணங்களை ஒப்பிட்டதில் பெயரில் வேறுபாடு இல்லை, பிறந்த ஆண்டு குடும்ப அட்டையில் மாறியிருக்கிறது. அதையும் குறிப்பிட்டு, மேலே சொன்ன வாசகத்தின்படியே மதத் தளத்தில் நேற்று இரவு பதிந்து எண் வாங்கிவிட்டேன். குடிபெயர்வு அனுமதி பெற்றுத்தான் போயிருக்கிறான். ஒப்பந்தத்தில் உள்ள சம்பளம், அவனுக்குக் கொடுத்துவந்த சம்பளத்தைவிட 200 ரியால் கூடுதலாக இருக்கிறது. இது எங்களுக்கே இன்றுதான் தெரியும். ஏஜென்டுக்குப் பணம் மூன்று தவணையாக வங்கி வழியாகப் போனதற்கான பக்கங்களையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

வீட்டை விட்டு வெளியேற வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். சரி என்றான். அடுத்த தூதரக முகாம் நாளன்று தம்மாம் நண்பர் உடன் வர முடியுமா என்று தனிச் செய்தியில் கேட்டிருக்கிறேன்.

தம்மாம்வாசி எழுதியது:

செய்தி கிடைத்தது. வருகிறேன். அந்த 200 ரியால் வேறுபாட்டையும் இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு பாக்கியோடு சேர்த்துக் கேட்கலாம். ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதி இரண்டு எடுத்துவரச் சொல்லுங்கள்.