"அது வேற குடி புள்ள": மார்புப் புற்றுநோயும் அப்பா பக்கமும்

ஆரையம்பதிக்காரி:
கிளினிக்கில டொக்டர் "குடும்பத்தில ஆருக்கும் மார்புப் புற்றுநோய் வந்திரிக்கா" எண்டு கேக்க அம்மா முந்திக்கிட்டு இல்ல எண்டுட்டா. அப்பாட தங்கச்சிமார் ரெண்டு பேருக்கு 45 வயசுக்கு முன்னயே வந்தது, ஒராளுக்கு சூலகத்திலயும், எண்டு நான் சொல்ல, "அது வேற குடி புள்ள" எண்டா. நம்மட மட்டக்களப்புப் பக்கம் குடி, அதான் வம்சம், தாய்வழிதானே, வருத்தமும் அப்பிடித்தான் வருமெண்டு நினைப்பு! டொக்டர் சிரிச்சிட்டார். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 எண்டு ரெண்டு ஜீன் இரிக்காம், உடஞ்ச டிஎன்ஏய ஒட்டுறதுதான் அதுகள்ட வேல, அதில பழுதிருந்தா அப்பாட்ட இருந்தும் வரும், மகனோ மகளோ பாதிக்குப் பாதி சான்ஸ். ஆம்புளயளுக்கு மார்பில வாறது குறைவு, அதால அப்பா பக்கம் தெரியாமலே கிடக்கும். அந்த ஜீன்ல பழுதுள்ள பொம்புளயளில 100க்கு 70 பேரளவில 80 வயசுக்குள்ள மார்பில வருமாம்.

கல்முனை ராத்தா:
எங்கட உம்மாக்கு ரெண்டு பக்கமும் ஆருக்குமே இல்ல தங்கச்சி, ஆனா வந்திச்சி. பரம்பரையா வாறது 100க்கு 5, 10தானாம். உம்மாட்ட கேட்டதெல்லாம் எப்ப பெரியபுள்ளயானீங்க, மாதவிடாய் எப்ப நிண்ட, முதல் புள்ள எத்தின வயசில எண்டுதான். 12க்கு முன்ன தொடங்கி 55க்குப் பிறகு நிண்டா ஈஸ்ட்ரஜன் எண்ட பொம்புள ஹோர்மோன் படுற காலம் கூட, கலங்கள் பெருகப் பெருக பிழையும் சேருமாம். நிண்ட பிறகும் உடம்புக் கொழுப்பு அந்த ஹோர்மோன உண்டாக்குமாம், அது எனக்குப் புதுசு. சனம் என்னடாண்டா பால் குடுக்காததாலதான் எண்டு கதைச்சது, நாலு புள்ளைக்கும் குடுத்த மனிசி அவ! பால் குடுத்தா ரிஸ்க் குறையும்தான், குடுக்கிற ஒவ்வொரு வருசத்துக்கும் 4 வீதமளவில.

அக்கரைப்பற்று:
குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை பாவிக்கலாமா? பயமா இரிக்கு.

ஆரையம்பதிக்காரி:
நானும் கேட்டன். பாவிக்கிற காலத்தில மார்புப் புற்றுநோய் ரிஸ்க் கொஞ்சம் கூடும், விட்ட பிறகு மெல்ல குறையும், ஆனா சூலகப் புற்றுநோய் குறையுமாம். குடும்பத்தில இரிந்தா டொக்டரிட்ட கேட்டுட்டுத்தான் போடோணும். 35 தாண்டினவங்க எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபீஸ் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்க, மார்ப கையால பாப்பாங்க, காசில்ல.
ஜீன் டெஸ்ட் வருத்தம் வந்த ஆளுக்குத்தான் முதல்ல செய்யோணுமாம். மாமி ஒராள் செங்கலடியில இரிக்கா, ஊசியக் கண்டாலே ஓடுற ஆள், அவவ சம்மதிக்க வைக்கிறதுதான் பெரிய வேல.