பழைய மாருதி ஜிப்ஸிக்கு வேறு கார்புரேட்டர்: மலையில் டியூன் செய்த அனுபவங்கள்

கோத்தகிரி – ஜிப்ஸி கிங் 1.3, 1997

ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) ஒரு நேரம் நிமிஷத்துக்கு 700 சுற்று, ஒரு நேரம் 1300. வளைவில் கிளட்ச்சை மிதித்தால் வண்டி ஆஃப். கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) ரிப்பேர் கிட்டு மாற்றியாகிவிட்டது, க்ளீன் பண்ணியாகிவிட்டது, அப்படியும் தீரவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒரு விரல் கிரீஸ் எடுத்து, இன்ஜின் ஓடும்போதே த்ராட்டில் ஷாஃப்ட்டின் (காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) இரண்டு முனையிலும் அப்பினார். எகிறிக்கொண்டிருந்த சத்தம் இறங்கி ஒரே சீராக நின்றது. ஷாஃப்ட் தேய்ந்து, பாடியில் ஓட்டையும் அகண்டு, அந்த வழியாகத் திருட்டுக் காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. "பாடி போயிருச்சு தம்பி, இனி கிட்டு போட்டுப் பிரயோஜனமில்ல" என்றார். லேத்தில் புஷ் அடித்துப் போடலாம்தான். ஆனால் அதைத் துல்லியமாகச் செய்துதரும் ஆள் இப்போது கிடைப்பது கஷ்டம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புது காப்பி ஒன்றை நண்பர் வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். காப்பியில் ஜெட்டுகளில் (பெட்ரோலை அளவாக விடும் சின்ன ஓட்டையுள்ள திருகுகள்) நம்பரே இல்லை. வென்சுரிக்குள் (காற்று போகும் குறுகலான வழி) விரலை விட்டால் வார்ப்புப் பிசிறு தட்டியது. பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பரின் கண்ணாடி மங்கலாக இருந்ததால் பெட்ரோல் மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அதை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் ஒன்று தேடிப் பிடித்தேன். ஷாஃப்ட் ஆடாமல் இருந்தது, மெயின் ஜெட்டுகளின் நம்பர் என் பழையதோடு பொருந்தியது. பழையது வாங்குபவர்கள் இந்த நம்பரைக் கட்டாயம் பாருங்கள். மைலேஜ் வேண்டும், பிக்கப் வேண்டும் என்று யாராவது ஜெட்டை மாற்றியோ ஓட்டையைப் பெரிதாக்கியோ வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் மாருதி கார்களுக்கு ஜப்பான் மிகுனியோடு சேர்ந்து மறைமலைநகரில் யூகால் கம்பெனி கார்புரேட்டர் செய்தது. நம் ஊர்ச் சரக்கு என்பதால் கிட்டும் கேஸ்கெட்டும் இன்னும் ஓரளவு கிடைக்கின்றன.

மாட்டும் முன் அடிப்பக்க ஃபிளேஞ்சின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம். இன்ஜின் சூட்டைத் தடுக்கும் இன்சுலேட்டர் கட்டைக்கு மேலும் கீழும் புது கேஸ்கெட். வேக்யூம் ஹோஸ்களில் டேப் ஒட்டி எழுதி, போட்டோவும் எடுத்துக்கொண்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸுக்குப் போகும் ஹோஸை இடம் மாற்றிச் சொருகினால் டைமிங்கே (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) வேறாகிவிடும், அப்புறம் எத்தனை ஸ்க்ரூ திருகினாலும் பலன் இல்லை. மெக்கானிக் அண்ணன் இன்னும் கறார். டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), பிளக், டைமிங் மூன்றையும் முடிக்காமல் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் திருப்புளியை வைக்கவே மாட்டேன் என்றார். என் பார்வையில் டியூனிங்கில் முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

கடைசி செட்டிங் மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் நடந்தது. தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஆனால் குஞ்சப்பனை தாண்டி மேலே வர வர பெட்ரோல் வாடை. வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால் நாலும் கரி. பட்டறைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 5ல் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்துபோனது கார்புரேட்டருக்குத் தெரியாது. அதன்பாட்டுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டால் கலவை 8, 9 சதவீதம் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிறது.

அதனால் வீட்டு வாசலிலேயே திரும்ப செட் செய்தோம். இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்து, ஏர் ஃபில்டர் மாட்டியபடியே. ஃபில்டரைக் கழற்றி வைத்து டியூன் செய்துவிட்டு அப்புறம் மாட்டினால் செட்டிங் மாறிவிடும். ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருகி (இறுக்கினால் ஊசி முனை நசுங்கும்) அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே. ஐடிலை 850க்கு வைத்து, மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜ் சொருகிக் கால் சுற்று காலாகத் திருப்பினோம். முள் அதிகபட்சம் ஏறி ஆடாமல் நிற்கும் இடம் வந்ததும் ஐடிலை மறுபடி 850க்கு இறக்கி, திரும்ப ஒருமுறை. கடைசியில் முள் லேசாக இறங்கத் தொடங்கும் வரை மட்டும் ஸ்க்ரூவை உள்ளே. அவ்வளவுதான்.

கேஜ் 14 இன்ச் (பாதரச அளவு) காட்டியது. பக்கத்தில் நின்ற நண்பர் "17லிருந்து 21 இருக்கணும்னு போட்டிருக்கே, இன்ஜின் வீக்கா?" என்று பதறினார். அந்த 17–21 கடல் மட்டத்துக்கான அளவு. ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் வீதம் கழிக்க வேண்டும். கோத்தகிரியில் 6 இன்ச் கழித்தால் 11 முதல் 15 வரை. மலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல இன்ஜினைக் கழற்றி வேலைக்கு இறக்கிவிடாதீர்கள்.

இப்போது ஐடிலிங் அருமை. மெயின் ஜெட்டை ஒரு நம்பர் குறைக்கலாமா என்பதுதான் அடுத்த யோசனை. செய்தவர்கள் சொல்லுங்கள்.

*

வால்பாறை – ஜிப்ஸி 970 சிசி, 1990

அண்ணே, ஜெட் விஷயம் எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் ஓவர்ஃப்ளோ ஆன கதையைச் சொல்கிறேன்.

எஸ்டேட் ரோட்டில் செங்குத்தான இடத்தில் நிறுத்தி எடுத்தால் கறும்புகை, அப்புறம் ஆஃப். சமதளத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் சொகுசாக ஏறி வரும். வேறு கார்புரேட்டர் மாற்றிப் பார்த்தேன், அதிலும் அதே. கடைசியில் பார்த்தால் பிரச்சினை பம்ப்பில். ஒரிஜினல் மெக்கானிக்கல் பம்ப் போனபோது எனக்கு முந்தைய ஓனர் ஏதோ எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருக்கிறார். பிரஷர் கேஜ் வைத்ததில் 6 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கிறது. இந்த மாதிரி கார்புரேட்டருக்கு 3 சொச்சம் போதும். சமதளத்தில் சேம்பரில் மிதக்கும் ஃப்ளோட் எப்படியோ பெட்ரோல் வழியை அடைக்கும் நீடிலை அழுத்திப் பிடித்துச் சமாளித்துவிடுகிறது. வண்டி சாய்ந்தால் முடியவில்லை.

இன்னொரு விஷயம். ஃப்ளோட் சேம்பர் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருந்தால் ஏற்றத்தில் பெட்ரோல் வெளிவரும் நாசில் பின்னால் தாழ்ந்துபோகும், பெட்ரோல் தானாக வழியும். இறக்கத்தில் நேர் எதிர், ஜெட்டுக்குப் பெட்ரோல் எட்டாது, வெட்டி வெட்டி ஓடும். சேம்பர் பின்பக்கம் இருக்கும் கார்புரேட்டரில் இது அப்படியே தலைகீழ். அதனால் வேறு கம்பெனி கார்புரேட்டர் போடுகிறவர்கள் சேம்பர் எந்தப் பக்கம் வருகிறது என்று முதலில் பாருங்கள். மட்டத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பெட்ரோல் அந்த வட்டக் குறிக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் சமதளம் தேடுவதே தனி வேலை, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன்.

பிரஷர் ரெகுலேட்டர் போட்டு 3க்குக் குறைத்தேன். புகை போச்சு.

*

நுவரெலியா – லாண்ட் ரோவர் சீரீஸ் 2ஏ, பெற்றோல்

வணக்கம். எங்கட பக்கம் தோட்டங்களில இன்னும் இந்தப் பழைய லாண்ட் ரோவர்கள் சில ஓடுது. என்னுடையது 2.25 லீட்டர் பெற்றோல் எஞ்சின், ஜெனித் 36 ஐவி கார்புரேட்டர். தெரிந்தவர்களுக்குத் தெரியும், வயது போனால் இதில் மேல்பகுதியும் அதோடு சேரும் எமல்ஷன் பிளொக்கும் வளைந்துபோகும். ஆட்கள் ஆணியை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி வந்ததும் ஒரு காரணம். நடுவில் இருக்கிற சின்ன ஓ-ரிங்கும் காய்ந்துவிட்டால் பெற்றோல் வழியில்லா வழியால் கசிந்து, ஐடில் நொண்டும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்கப் பூட்டினாலும் எஞ்சின் நிற்காது. அந்த ஒரு அடையாளம் போதும்.

எல்லாரும் சொன்னது, வெபர் 34 ஐசிஎச் போடுங்கள் என்று. போட்டுப் பார்த்தேன். லேசாக ஸ்டார்ட் ஆகுது, பெற்றோலும் மிச்சம். ஆனால் சுமை ஏற்றிக்கொண்டு மலையில் இரண்டாம் கியரில் போகும்போது மூச்சு முட்டுது. அது சின்னக் கார்புரேட்டர், இவ்வளவு பெரிய எஞ்சினுக்குக் காணாது. வெறும் வண்டியாகக் கொழும்புக்குப் போய் வருகிறவருக்கு நல்லது, தோட்டத்து வேலைக்குச் சரிவராது.

பிறகு பழைய ஜெனித்தையே எடுத்தேன். தடித்த கண்ணாடித் துண்டில் ஈரமாக்கின எமரிப் பேப்பரை விரித்து, பிளொக்கை எட்டு வடிவில் மெல்ல மெல்லத் தேய்த்தேன். முதலில் நான்கு மூலை மட்டும் மின்னியது, நடுவில் கறுப்பாகவே கிடந்தது. வளைவு எவ்வளவு என்று அதிலேயே விளங்கியது. முழுக்க ஒரே நிறம் வரும்வரை தேய்த்து, புது ஓ-ரிங், புது கேஸ்கெட் போட்டுப் பூட்டினேன். அதற்குப் பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூ சொன்ன சொல் கேட்கிறது. நம்முடைய ஊரும் 1,868 மீற்றர், கோத்தகிரி அண்ணன் சொன்ன வேக்யூம் கணக்கு இங்கேயும் பொருந்துது.

*

கோயம்புத்தூர் – ஜிப்ஸி 1.3

கோத்தகிரி அண்ணா, மெயின் ஜெட்டில் கை வைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்ததும் இந்த 14.7 சுமார் 13.5க்கு வந்துவிடுகிறது. அதாவது பழைய ஜெட்டை அப்படியே வைத்திருந்தால் காகிதக் கணக்கில் வண்டி 8 சதவீதம் போல லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுகிறது. நீங்கள் சொன்ன உயரத்தின் 8, 9 சதவீத ரிச்சையும் இதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் கம்பெனி மெயின் ஜெட்டே இப்போது ஏறக்குறைய சரியாக இருக்கும். எங்கள் ஊரில்தான் தொல்லை. அவிநாசி ரோட்டில் ஒரே சீராக 80ல் போனால் என் பிளக் வெளுத்துவிடுகிறது. ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்ட பிறகுதான் நிறம் வந்தது.

உங்கள் பிளக் கரியானது ஐடில் சர்க்யூட்டால் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் தனி வழி) என்று நினைக்கிறேன். ஸ்க்ரூவைக் கீழே இதே பெட்ரோலில் செட் செய்தார்கள். அந்த இடத்துக்கு அது சரி. மேலே போனதும் அது மட்டும் ரிச். மலைப்பாதையில் பாதி நேரம் காலை எடுத்து எடுத்துத்தானே ஓட்டுகிறோம்.

எத்தனாலில் இன்னொன்று. பழைய கிட்டில் இருக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃபிரம், பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறிப்போகும், அப்புறம் காய்ந்தால் விரிசல் விடும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்து வையுங்கள். ஈரத்தை இழுத்து அடியில் வெள்ளைப் பொடி மாதிரி படிந்துவிடுகிறது.

*

ஏற்காடு – ஜிப்ஸி 970 சிசி

சின்ன சந்தேகம். மலை ஏறி வந்து டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. காலையில் பிரச்சினை இல்லை. கார்புரேட்டரை மாற்ற வேண்டியதுதானா?

*

கோத்தகிரி – ஜிப்ஸி கிங் 1.3, 1997

கோவைத் தம்பி சொன்னது சரியா என்று சோதித்துப் பார்த்தேன். மேடான நேர் ரோட்டில் மூன்றாம் கியரில் முக்கால் த்ராட்டிலில் இழுத்து, அப்படியே கிளட்ச் மிதித்துச் சாவியை ஆஃப் செய்து ஓரங்கட்டி, அங்கேயே பிளக்கைக் கழற்றினேன். வீடுவரை ஐடிலில் ஓட்டி வந்து பார்த்தால் அந்த நிறம் பொய். நாலும் வெளிர் பழுப்பு. மெயின் ஜெட்டை அப்படியே விட்டுவிட்டேன். கோவைப் பக்கம் போனால் கணக்கு மாறும். ஆனால் வண்டி வருஷத்தில் முக்கால்வாசி நாள் இங்கேதான் ஓடுகிறது, இங்கேதான் சரியாக இருக்க வேண்டும்.

ஏற்காடு அன்பருக்கு: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வண்டி நின்றதும் மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறி சேம்பரில் இருக்கும் பெட்ரோல் கொதித்து வென்சுரிக்குள் வழிகிறது. நிறுத்தியவுடன் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், சொட்டுவது தெரியும். சிகரெட் பிடிப்பவர் யாரும் பக்கத்தில் வேண்டாம். சொட்டினால் கார்புரேட்டருக்கு அடியில் அந்த இன்சுலேட்டர் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்துபோனதும் வெறும் கேஸ்கெட்டை வைத்து மாட்டிவிடும் பழக்கம் உண்டு. அதுவரை ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், தேங்கியது வெளியேறிவிடும்.

சொட்டவே இல்லையென்றால், சூடான பிறகு சாவியை ஆன் செய்து கார்புரேட்டரில் இருக்கும் ஐடில் சோலனாய்டு (கரண்ட் வந்ததும் ஐடில் பெட்ரோலைத் திறந்துவிடும் வால்வு) "டிக்" என்கிறதா கேளுங்கள். சத்தம் வரவில்லையென்றால் முதலில் அதன் வயரையும் எர்த்தையும் பாருங்கள். கரண்ட் சரியாக வந்தும் சத்தம் இல்லையென்றால் சோலனாய்டை மட்டும் மாற்றினால் போதும்.