மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டுக்கு வருபவர் தன்னார்வலரா, ஊழியரா?

பல்லடத்தான்:
2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலராக வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். இவர்களை நிரந்தர ஊழியராக்க வேண்டும் என்று இங்கே பலரும் எழுதுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லைங்க. அந்தப் பணத்தில் கிராம சுகாதார செவிலியரை எடுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, புதன்கிழமை தடுப்பூசி, கம்ப்யூட்டர் பதிவு எல்லாம் அங்கிருக்கும் நர்சம்மா தலையில்தான்.

அந்தியூர் மகள்:
அண்ணா, நர்சம்மா வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. என் சித்தி பர்கூர் மலையில் ஆஷா, அதாவது ஊக்கத்தொகைக்கு ஊரில் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர். கர்ப்பிணியை மட்டும் சம்மதிக்க வைத்தால் போதாது. மாமியார், வீட்டுக்காரர், சில நேரம் ஊர்ப் பெரியவர் வரைக்கும் பேசியாக வேண்டும். ராத்திரி வலி வந்தால், யானை நடமாடும் ரோட்டில் அந்தியூர் வரை கூடவே இறங்குவார். ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தால் ஊக்கத்தொகை உண்டு. மாதக்கணக்கில் நடந்து பேசியதற்கு அது ஈடாகாது. வேலைக்கு இவ்வளவு என்று எண்ணித் தரும் தொகையை மட்டுமே, அல்லது பெரும்பாலும் அதையே, ஊதியமாக வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது.

நொய்யல்கரை:
திருப்பூரில் வேறு சிக்கல். பகலில் லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கும், எல்லோரும் பனியன் கம்பெனியில். ஞாயிறு வந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும். ஒடிசா, பீகார் ஆட்களிடம் இந்தியில் வேறு பேச வேண்டும்.

பல்லடத்தான்:
உழைப்பை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை தவறாமல் வந்தது. சுகர் ஏறிக்கொண்டே போனதை நோட்டில் எழுதியும் வைத்தார்கள். டாக்டரிடம் போகச் சொல்லி யாரும் விரட்டவில்லை. காலில் புண் வந்த பிறகுதான் ஓடினோம். மாத்திரை வாசலுக்கே வருகிறது, அப்புறம் ஆஸ்பத்திரி எதற்கு என்று அவரும் இருந்துவிட்டார். மருந்தின் அளவை மாற்றத் தன்னார்வலருக்கு அதிகாரமும் இல்லை, படிப்பும் இல்லை. இதற்கு என்ன பதில்?

அந்தியூர் மகள்:
படிக்கவே வேதனையாக இருக்கிறது. ஆனால் அந்த நோட்டை வாங்கிப் பார்த்திருக்க வேண்டியவர் யார்? சுகர் இத்தனையைத் தாண்டினால் இத்தனை நாளுக்குள் டாக்டர் பார்க்க வேண்டும், வராதவரைத் தேடிப் போக வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அதைச் செய்யாமல் வாசலில் நின்ற பெண்ணைக் கேட்பது நியாயமில்லை. தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டு ஊழியருக்குரிய பொறுப்பைக் கேட்க முடியாது, அண்ணா. முறையான பயிற்சி, மாதச் சம்பளம், கேள்வி கேட்க ஒரு மேலதிகாரி, இந்த மூன்றும் ஒன்றாக வர வேண்டும்.

பல்லடத்தான்:
பயிற்சி முடித்துத் தேர்வில் தேறியவருக்குச் சம்பளம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் செவிலியர் பணியிடம், அப்புறம்தான் இது.

அந்தியூர் மகள்:
அந்த 'அப்புறம்' எப்போது வரும்? ஆஷா போன்ற திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் கொடுங்கள் என்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் கூடும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013லேயே பரிந்துரைத்தது. சித்தி இன்னும் ஊக்கத்தொகைதான் வாங்குகிறார்.