புட்டமெனுக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? பார்க்கின்சன் ஜீன் தெரபி குறித்து ஒரு வாக்குவாதம்

செவ்வாய்ப்பேட்டை செல்வம்:

சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது: "ஒரே ஊசி, மரபணு சிகிச்சை, கைநடுக்கம் வேரோடு போகும்." சுத்த டுபாக்கூர். பார்க்கின்சனுக்கு ஒப்புதல் பெற்ற ஜீன் தெரபி இன்றைய தேதிக்கு எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் அந்த நோட்டீஸைக் கிழிக்கிற வேகத்தில் கோரிமேடு சார் ஜீன் தெரபியையே சேர்த்துக் கிழித்துவிட்டார். "20 வருஷமா செத்த பாம்பை அடிக்கிறாங்க, நோயோட மூலமே வேற" என்று எழுதியிருந்தார். அதை அப்படியே விட்டுவிட முடியாது.

தோற்ற சோதனைகளை எடுத்துப் பாருங்கள். ஜீன் சரியில்லாமல் தோற்றதைவிட, மருந்து இடம் போய்ச் சேராமல் தோற்றதுதான் அதிகம். நரம்பணுவைத் தாங்கும் வளர்ச்சிக் காரணியான நியூர்ட்டுரினின் ஜீனை ஏஏவி2 வைரஸ் கூட்டில் வைத்து, அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்மூளைப் பகுதியான புட்டமெனில் ஏற்றிய இரட்டை மறைப்புச் சோதனை (யாருக்கு மருந்து என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது) 2010இல் வெளியானது. 58 பேர். 12 மாதத்தில் பொய் அறுவை (மருந்து ஏற்றாமல் அறுவை போலச் செய்வது) பெற்றவர்களோடு ஒப்பிட்டால் இயக்க மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. பிறகு இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது நியூர்ட்டுரின் புட்டமெனில் ஏறத்தாழ 15 சதவீத இடத்தில்தான் தெரிந்தது. அங்கிருந்து நரம்பிழை வழியாக, டோபமின் நரம்பணுக்கள் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்கு ஏறிப் போயிருக்க வேண்டியது கிட்டத்தட்ட போகவேயில்லை.

இப்போது அளவு மாறிவிட்டது. நியூர்ட்டுரினின் குடும்பத்தைச் சேர்ந்த வளர்ச்சிக் காரணியான ஜிடிஎன்எஃப்பின் ஜீனை ஒரு பக்கத்துக்கு 450 மைக்ரோலிட்டர் ஏற்றிய 13 பேர் சோதனையில் புட்டமெனில் 26 சதவீதம் நனைந்தது. அதே ஜீனைப் பக்கத்துக்கு 1800 மைக்ரோலிட்டர் வரை ஏற்றிய 11 பேர் சோதனையில் சராசரி 63 சதவீதம். ஒரு பக்கப் புட்டமெனே சுமார் 4 மில்லிலிட்டர்தான். 15க்கும் 63க்கும் உள்ள தூரத்தைப் பார்க்காமல் "ஜீன் தெரபி தோற்றது" என்று ஒரே வரியில் முடிப்பது நியாயமா?

கோரிமேடு நரம்பியல்:

நோட்டீஸ் விஷயத்தில் நமக்குள் சண்டை இல்லை. மற்றதில் இருக்கிறது.

முதலில், 2010க்குப் பிறகு அதே நியூர்ட்டுரினை நைக்ராவிலும் நேரடியாக ஏற்றி, புட்டமெனில் அளவையும் கூட்டி இன்னொரு சோதனை நடந்தது. 51 பேர். முடிவு 2015இல் வெளியானது. அதுவும் தோல்வி. போகாத இடத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்றே, அப்புறம் ஏன்?

அடுத்தது இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த சோதனை, 2019. அது ஜீன் இல்லை, ஜிடிஎன்எஃப் புரதத்தையே மண்டையோட்டில் பொருத்திய வாசல் வழியாக 4 வாரத்துக்கு ஒருமுறை புட்டமெனுக்குள் ஏற்றினார்கள். மொத்தம் 41 பேர். பெட் ஸ்கேனில் ஃப்ளோரோடோபா ஏற்பு (டோபமின் இழைகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் அளவு), மருந்து பெற்றவர்களிடம் புட்டமெனின் பகுதிக்குப் பகுதி 25 முதல் 100 சதவீதம் வரை கூடியது, வெறும் திரவம் பெற்றவர்களிடம் கூடவில்லை. அதாவது மருந்து போய்ச் சேர்ந்தது, வேலையும் செய்தது. ஆனால் 40 வாரத்தில் இயக்க மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உங்கள் "போய்ச் சேரவில்லை" வாதத்துக்கு இதில் என்ன பதில்?

காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. 2013இல் வெளியான கோர்டோவர் குழுவின் ஆய்வு, நோய் கண்டறிந்து வெவ்வேறு ஆண்டுகளில் இறந்தவர்களின் மூளைகளை எடுத்துக்கொண்டது. மேற்புறப் புட்டமெனில் டோபமின் இழைகள், நோய் கண்டறிந்து 4 ஆண்டுக்குள் ஏறக்குறைய மொத்தமாகப் போய்விடுகின்றன. நைக்ராவில் செல்லுடல்கள் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஆனால் மருந்தைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டிய இழை இருக்காது. வளர்ச்சிக் காரணி என்பது உயிரோடிருக்கும் செல்லைத் தாங்கிப் பிடிப்பது. செத்ததை எழுப்பாது. சோதனைக்கு வந்தவர்களோ பெரும்பாலும் நோய் முற்றி வந்தவர்கள்.

வாழவந்தி காபி:

எலிக்கணக்கையும் சொல்லுங்க சார். இந்த ஜிடிஎன்எஃப் பெருமையெல்லாம் வந்ததே, டோபமின் நரம்பைக் கொல்லும் நச்சுகளை வைத்து, எம்பிடிபி கொடுத்த குரங்கிலும், 6-ஓஹெச்டிஏ ஊசி போட்ட எலியிலும்தான். அதில் நரம்பு சில நாட்களில் சாகிறது, முன்கூட்டியே மருந்து கொடுத்தால் பிழைக்கிறது. மனிதனுக்கு அது பத்து இருபது வருடக் கதை. ஸ்வீடனின் லண்ட் நகரத்து டெக்ரெசாக், பியோர்க்லுண்ட் குழு, பார்க்கின்சன் மூளையில் கட்டியாகச் சேரும் ஆல்ஃபா-சைனுக்ளின் புரதத்தை அதிகமாகச் சுரக்க வைத்த எலியில் ஜிடிஎன்எஃப் காப்பாற்றவே இல்லை. அந்தப் புரதம் நர்1 என்ற மரபணுக் கட்டுப்பாட்டியைக் கீழே இழுத்துவிடுகிறது, அதோடு ஜிடிஎன்எஃப்பின் சமிக்ஞையை வாங்கும் ரெட் என்ற ஏற்பியும் குறைந்துவிடுகிறது. ஏற்பியே இல்லாத செல்லுக்கு எத்தனை மைக்ரோலிட்டர் ஏற்றினால் என்ன?

செவ்வாய்ப்பேட்டை செல்வம்:

வாழவந்தி அண்ணே, அந்த எலியில் சைனுக்ளினின் அளவு இயல்பைப் போலப் பல மடங்கு. சாதாரண பார்க்கின்சன் நோயாளியின் நைக்ராவில் அப்படி இல்லை. எம்பிடிபி குரங்கு ஒரு மிகை என்றால் இதுவும் ஒரு மிகைதான். ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

பிரிஸ்டலுக்கு வருகிறேன். 40 வாரம் போதாது. இழை திரும்ப முளைத்து, சினாப்ஸ் (நரம்பு இணைப்பு) கட்டி, அது அசைவில் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், பொய்ச் சிகிச்சைக் குழுவும் முன்னேறியது. பார்க்கின்சனில் இது பெரிய தலைவலி. 2001இல் சயின்ஸ் இதழில் வந்த பெட் ஆய்வு, மருந்தில்லாத வெறும் ஊசியைப் போட்டாலும் நோயாளியின் ஸ்ட்ரையேட்டத்தில் (புட்டமென் அடங்கிய பகுதி) டோபமின் உண்மையாகவே சுரக்கிறது என்று காட்டியது. சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற இன்னொரு ஆழ்மூளைப் பகுதியில், நரம்பை அடக்கும் காபாவைச் செய்யும் ஜிஏடி நொதியின் ஜீனை ஏற்றிய 2011 சோதனையையே பாருங்கள்: 6 மாதத்தில் மருந்துக் குழு 23.1 சதவீதம் முன்னேற்றம், பொய் அறுவைக் குழு 12.7. மண்டையோட்டின் உள்தகட்டைத் துளைக்காமல் அரைத்துளை போட்டு அனுப்பியவர்களுக்கே 12.7. இதன் மேல்தான் மருந்து தன் பலனைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. ஏற்றும் முறையே தனி வித்தை. எம்ஆர்ஐக்குள்ளேயே படுக்க வைத்து, வெக்டரோடு (ஜீனைச் சுமக்கும் வைரஸ் கூடு) எம்ஆர்ஐயில் தெரியும் காடோடெரிடால் கலந்து, திரவம் பரவுவதைப் படத்தில் பார்த்துக்கொண்டே ஏற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டரில் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் திரவம் ஊசியின் வெளிச்சுவரை ஒட்டி மேலே ஏறிவிடும். வரப்பு உடைந்த வயல் மாதிரி, தண்ணீர் போக வேண்டிய பாத்தியை விட்டு வேறெங்கோ போகும். அதைத் தடுக்கத்தான் நுனியில் படிக்கட்டு வைத்த கேனுலா (மெல்லிய குழல்). இரத்தக் குழாயை ஒட்டிய இடைவெளியில் நுனி மாட்டிக்கொண்டாலும் கசிந்துவிடும், படத்தில் அது கோடாகத் தெரியும், உடனே நிறுத்தி ஆழத்தை மாற்ற வேண்டும். முன்னந்தலையில் இருந்து குத்தினால் புட்டமெனின் குறுக்கே போகிறது, பின்னந்தலையில் இருந்து போனால் நீளவாக்கில் போகிறது. நீளவாக்கில் போனால் ஒரே தடத்தில் அதிகம் நனையும். 2010 ஆட்களிடம் இதெல்லாம் இல்லை.

கோரிமேடு நரம்பியல்:

> வரப்பு உடைந்த வயல்

பயிர் காய்ந்துபோன வயலுக்கு வரப்பு ஒழுங்காக இருந்து என்ன ஆகப்போகிறது?

சரி, வேறு பக்கமாக வருகிறேன். ஏஏடிசி என்ற நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு எலடோகஜீன் என்ற ஏஏவி2 மருந்து ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2024இலும் ஒப்புதல் பெற்றது. இரண்டு பக்கப் புட்டமெனிலும் சேர்த்து 4 இடம், ஒவ்வொன்றிலும் 80 மைக்ரோலிட்டர், மொத்தமே 320, பக்கத்துக்கு 160. நிமிடத்துக்கு 3 மைக்ரோலிட்டர். தலை நிற்காமல் கிடந்த குழந்தைகளில் பலர் உட்கார்ந்தார்கள். உங்கள் 1800இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஏன் பலித்தது? அங்கே நரம்பணுக்கள் உயிரோடு இருக்கின்றன, ஒரே ஒரு நொதிதான் குறை. குறை எதுவென்று துல்லியமாகத் தெரிந்த இடத்தில் கொஞ்சம் போனாலே போதும். பார்க்கின்சனில் குறை எதுவென்றே நாம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:

ஏஏடிசி பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதே நொதியைப் பார்க்கின்சனுக்கும் ஏற்றிப் பார்த்தார்கள், அதைப் பற்றி ரெண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அதில் நைக்ரா உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பார்க்கின்சன் மாத்திரையில் உள்ள லெவோடோபாவை டோபமினாக மாற்றுவது ஏஏடிசி. நோய் முற்ற முற்ற அது புட்டமெனில் குறைகிறது, மாத்திரையின் பலன் சுருங்குகிறது. புட்டமெனின் சொந்த நரம்பணுவிலேயே அந்த ஜீனை வைத்தால் மாத்திரை மறுபடியும் வேலை செய்யும். 15 பேர், 3 குழு, 2019இல் வெளியானது: 450 மைக்ரோலிட்டரில் 21 சதவீதப் பரப்பு, 900இல் 34, 900ஐயே செறிவு கூட்டியபோது 42. மாத்திரை அளவும் அதே வரிசையில் குறைந்தது. பெரிய வசதி என்னவென்றால், பக்க விளைவு கூடினால் லெவோடோபாவைக் குறைத்து அடக்கலாம். ஜிடிஎன்எஃப்பை உள்ளே வைத்துவிட்டால் நிறுத்துவதற்கு ஸ்விட்ச் கிடையாது.

குறையும் உண்டு. புட்டமென் நரம்பணுவில் விமேட்2 இல்லை, டோபமினைப் பையில் அடைத்து வைக்காது. அடுத்த கட்டச் சோதனை, சிலருடைய எம்ஆர்ஐயில் ஊசி போன இடத்தில் மாற்றம் தெரிந்ததால் 2020 டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு அது நகரவில்லை.

அப்புறம், கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. ஜீனைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் கையில் இருக்கும் மாத்திரையே சரியாக ஓடவில்லை. லெவோடோபா 100, கார்பிடோபா 10 உள்ள மாத்திரை நாளுக்கு மூன்று என்றால் கார்பிடோபா 30 மில்லிகிராம்தான் ஆகிறது. குடலிலும் இரத்தத்திலும் லெவோடோபா வீணாகாமல் தடுக்க 70 முதல் 100 வேண்டும். குமட்டல் வருவது இதனால்தான், "மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். 100க்கு 25 உள்ளதாக மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள், பருப்பு, முட்டை, பாலோடு சேர்த்துப் போட்டால் புரதம் வழியை மறிக்கும். இரும்புச் சத்து மாத்திரையைத் தள்ளிப் போடுங்கள்.

வாழவந்தி காபி:

மலையில் பூனைக்காலி விதையை அரைத்துக் குடிக்கிறார்களே, அதுவும் லெவோடோபாதானே?

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:

அதேதான். விதையில் சுமார் 4 முதல் 6 சதவீதம், செடிக்குச் செடி மாறும். கார்பிடோபா துணை இல்லை. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது, கைகால் தானாக ஆடும்போதுதான் தெரியும்.

வாழவந்தி காபி:

நன்றிங்க. என் கட்சிக்கு வருகிறேன்: புட்டமெனில் 63 சதவீதம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் தெளிப்பான் மூக்கைப் பாருங்கள். களைக்கு அடிக்கிற 24 சதவீத பாராகுவாட்டைக் கேரளா 2011இலேயே தடை செய்துவிட்டது. நம் பக்கம் வெறுங்கையோடு கலக்குகிறார்கள். 2011இல் அமெரிக்க விவசாயக் குடும்பங்களை வைத்து நடந்த டேனரின் ஆய்வில் பாராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு.

கோரிமேடு நரம்பியல்:

தடை வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ரோட்டினோன், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதிக் கூட்டமைப்பை அடைக்கிறது. எம்பிடிபியில் இருந்து வரும் எம்பிபி+ செய்வதும் அதுதான். பாராகுவாட் பார்க்க எம்பிபி+ போலவே இருக்கும், ஆனால் அந்த இடத்தைப் பெரிதாக அடைப்பதில்லை. எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுத்துக் கொடுத்து, செல்லைச் சிதைக்கும் சூப்பராக்சைடை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும்.

செல்வம், ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். பார்க்கின்சன் ஆபத்தைக் கூட்டும் ஜிபிஏ1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த ஜீனையே கொடுப்பது அறிவுள்ள வேலை. புரதம் 536 அமினோ அமிலம், ஜீன் 1.6 கிலோபேஸ், ஏஏவி கூட்டின் கொள்ளளவான 4.7க்குள் தாராளமாக அடங்கும். குறை எதுவென்றும் தெரியும். இன்னொரு பார்க்கின்சன் மரபணுவான எல்ஆர்ஆர்கே2வோ 2527 அமினோ அமிலம், கூட்டுக்குள்ளேயே போகாது. போனாலும் பயனில்லை, அங்கே நொதி கூடுதலாக வேலை செய்வதுதான் நோய்.

செவ்வாய்ப்பேட்டை செல்வம்:

வாங்க வழிக்கு! அந்த ஜிபிஏ1 மருந்தை எப்படி ஏற்றுகிறார்கள்? ஏஏவி9, கழுத்துப் பின்புறம் சிஸ்டர்னா மேக்னாவில். மூளைத் தண்டுவட நீரில் விட்டால் வெளிப்புறம் நன்றாக நனையும், ஆழத்தில் இருக்கும் நைக்ராவுக்கு எவ்வளவு போகும்? முதுகெலும்பை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சுகள்தான் முதலில் வாங்கிக்கொள்ளும், குரங்குகளில் அவை சேதமானதும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் கூடவே நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. உங்களுக்குப் பிடித்த ஜீனுக்கும் கடைசியில் என் கேள்விதான் வந்து நிற்கிறது.

கோரிமேடு நரம்பியல்:

நிற்கட்டும். இப்போது ஓடும் பொய் அறுவை ஒப்பீட்டு ஜிடிஎன்எஃப் சோதனையில் நனைந்த சதவீதத்தையும் ஃப்ளோரோடோபாவையும் ஆளுக்கு ஆள் போட்டுக் காட்டட்டும். நன்றாக நனைந்தவன் நன்றாக நடக்கிறான் என்றால் உங்கள் வாதம் நிற்கும். நோய் வந்து 4 ஆண்டுக்குள் உள்ளவன் மட்டும் நடக்கிறான் என்றால் என் வாதம்.

செவ்வாய்ப்பேட்டை செல்வம்:

ஏற்றுக்கொள்கிறேன், 18 மாதத்தில் பார்ப்போம்.

கோரிமேடு நரம்பியல்:

24. அதுவும் 12 மணி நேரம் மாத்திரை நிறுத்திய பிறகு எடுத்த மதிப்பெண்.

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:

நோட்டீஸ் அனுப்புகிறவர்களிடம் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் எந்தச் சோதனைக்கும் அது கட்டாயம், அந்தத் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எண் தராமல் முன்பணம் கேட்டால் அது சோதனையே இல்லை.