பழைய ஃபிரிட்ஜ் வருடத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும்? மாற்றினால் லாபமா?

உறையூர் கமலி:
எங்கள் வீட்டில் 2011இல் வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. 250 லிட்டர், பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. இதுவரை பெரிய பழுது எதுவும் இல்லை. போன வாரம் மிக்ஸி வாங்கப் போன கடையில் விற்பனையாளர் பேச்சைத் தொடங்கிவிட்டார்: “இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மூன்று ஸ்டார் எடுங்கள் அம்மா, கரண்ட் பில்லிலேயே மூன்று வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.” அவர் காட்டியதன் விலை 27,000 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஒரு கணக்குப் போட்டான். 150 வாட், 24 மணி நேரம், 365 நாள் என்று பெருக்கி 1,314 யூனிட் என்கிறான். அது உண்மையானால் கடைக்காரர் சொல்வதும் சரியாகத்தானே இருக்கும்? எங்கள் பில் சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு 380 யூனிட்டை ஒட்டி வரும். ஏசி ஓடும் கோடைக்காலப் பில்கள் இரண்டு மட்டும் 525 வரை போகும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை மெக்கானிக்:
அம்மா, முப்பது வருடம் ஃபிரிட்ஜ்களின் முதுகைப் பார்த்தே பிழைத்தவன் நான். தம்பியின் பெருக்கலில் பிழை இல்லை, ஆனால் குளிரை உண்டாக்கும் மோட்டாரான கம்ப்ரசர் 24 மணி நேரமும் ஓடுவதில்லை. உள்ளே குளிர் சேர்ந்ததும் நின்றுவிடும், சூடு ஏறினால் மறுபடி ஓடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் பனியை உருக்க உள்ளே ஒரு சிறிய ஹீட்டரும் அவ்வப்போது வேலை செய்யும். ஆகவே வாட்டைப் பார்த்து ஃபிரிட்ஜ் செலவைச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

ப்ளக்கில் சொருகும் சிறிய மீட்டர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வாங்கி ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். வாங்க மனமில்லையென்றால் வாசலில் இருக்கும் ஈ.பி. மீட்டரே போதும். அதில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சடித்திருப்பார்கள். 3200 என்று இருந்தால் 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும்போது பாருங்கள். பதினோரு வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் அந்த நேரத்தில் சுமார் 100 வாட் போகிறது. கம்ப்ரசர் நின்றதும் மினுக்கலும் ஏறக்குறைய நின்றுவிடும். எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முக்கியம். நிற்காமல் ஓடினால் நோய் இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றும் செய்யுங்கள். இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். விளிம்பில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் அந்த வழியே குளிரும் வெளியேறுகிறது என்று பொருள்.

வாடகை வீட்டுக்காரன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு உரிமையாளர் தனி மீட்டர் வைத்து, எத்தனை யூனிட் ஓடினாலும் 9 ரூபாய் என்று வாங்குகிறார். 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் செய்தித்தாளில் படிப்பதோடு சரி. என்னுடையது ஒற்றைக் கதவுப் பெட்டி, ஒரு நாளைக்கு 0.6 யூனிட் காட்டுகிறது. வருடத்துக்கு 219 யூனிட், அதாவது 1,971 ரூபாய். இரவில் தூங்கும்போது அணைத்து வைத்தால் இதில் மூன்றில் ஒரு பங்காவது குறையுமா?

மதுரை மெக்கானிக்:
குறையாது தம்பி. இரவில் அறையும் குளிர்ந்திருக்கும், கதவையும் யாரும் திறக்கமாட்டார்கள், எனவே அப்போது அது இழுப்பதே கொஞ்சம்தான். காலையில் போட்டதும் ஏறிய சூட்டை இறக்க மூச்சு வாங்க ஓடும். மிச்சமாவது சில்லறை, கெட்டுப் போவது பால். உங்களுடையது ஒற்றைக் கதவு என்பதால் ஃப்ரீசரில் பனி கட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். விரல் கனத்துக்குப் பனி சேர்ந்தால் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். அப்படிச் சுரண்டி ஓட்டை போட்டுக்கொண்டு வந்த பெட்டிகளால் என் பட்டறை நன்றாகவே நடந்தது!

உறையூர் கமலி:
ஐயா, பக்கத்து வீட்டில் அந்தச் சொருகு மீட்டர் இருந்தது, வாங்கி வைத்துப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 1.9 யூனிட். டார்ச் வைத்ததில் கீழ்க் கதவின் கீல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெளிச்சக் கோடு தெரிந்தது. அந்த இடத்தில் ரப்பர் விறைத்துப்போய், மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சை. ஃபிரிட்ஜின் முதுகு சுவரை ஒட்டியபடி இருக்கிறது. மீட்டர் தந்த அக்கா வீட்டிலும் இதே வயதுப் பெட்டிதான். ஆனால் அவர்கள் பில் 190 யூனிட்டைத் தாண்டுவதில்லை, ஃபிரிட்ஜ் செலவை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்கிறார்.

மதுரை மெக்கானிக்:
அவர் நினைக்காததில் நியாயம் இருக்கிறது. 1.9 என்றால் வருடத்துக்கு 693 யூனிட், ஒரு பில்லுக்கு 116. இரண்டு வீட்டிலும் இதே அளவு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணப்படி நாம் கட்டுவது முதல் 100 யூனிட்டுக்கு ஒன்றுமில்லை, அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், பிறகு 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் 8.40. அதோடு, தாண்டியவர்களுக்கு 2.35 என்ற சலுகையும் போய் அந்த நூறும் 4.70 ஆகிவிடும். 501ஆவது யூனிட் தன் விலையோடு 235 ரூபாயையும் சேர்த்துக் கேட்கும்.

அந்த அக்கா ஃபிரிட்ஜையே அணைத்துவிட்டால் 190 யூனிட் 74 ஆகி பில்லே வராது. அவர் இப்போது கட்டுவது ஒரு பில்லுக்கு 212 ரூபாய்க்குள், ஆக அவர் வீட்டு ஃபிரிட்ஜின் வருடச் செலவு சுமார் 1,270. உங்கள் வீட்டில் 380 யூனிட் வரும் பில்லில் ஃபிரிட்ஜின் பங்கு 545 ரூபாய், கோடைப் பில்லில் 1,018. வருடத்துக்கு 4,200 ஆகிறது.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். புதிய மூன்று ஸ்டாரின் லேபிளில் வருடத்துக்கு 200 யூனிட்டை ஒட்டி எழுதியிருப்பார்கள். அது சோதனைக்கூடத்தில் கதவைத் திறக்காமல் எடுத்த அளவு. திருச்சி வெயிலில், நாளுக்கு முப்பது முறை திறக்கும் வீட்டில், 250 என்றே வைத்துக்கொள்கிறேன். மிச்சம் ஒரு பில்லுக்கு 73 யூனிட். சாதாரணப் பில்லில் 343 ரூபாய், கோடைப் பில்லில் 747. மொத்தம் வருடத்துக்கு 2,870 ரூபாய். 27,000 திரும்பி வர ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். அவர் சொன்ன மூன்று வருடம் எந்த ஊர்க் கணக்கோ!

நீங்கள் கேஸ்கட்டை, அதாவது கதவு ரப்பரை, மாற்றிவிட்டு, முதுகுச் சூடு வெளியேறும்படி பெட்டியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டால் 1.9 என்பது 1.4 வரை இறங்கும் என்பது என் அனுபவம். பில்லுக்கு 30 யூனிட்தான் குறையும். ஆனால் உங்கள் கோடைப் பில் 525இலிருந்து 495க்கு வந்து, ஐந்நூறு என்ற வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிடும். அந்தப் பில்லில் மட்டும் 476 ரூபாய், வருடத்துக்கு 1,500 மிச்சம். செலவு ஆயிரம் ரூபாய் சுமார். அதன்பிறகு புதிய பெட்டி தரக்கூடிய கூடுதல் மிச்சம் 1,350 ரூபாய்தான், அதற்கு 27,000 போடுவதா? கம்ப்ரசர் போகும் அன்று வாங்குங்கள், அதுவரை வேண்டாம். வாங்கும்போது ஸ்டாரை எண்ணாதீர்கள், லேபிளில் உள்ள யூனிட்டைப் பாருங்கள். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வருகிறார்கள், 2023 ஜனவரியிலும் இறுக்கினார்கள்.

உறையூர் கமலி:
தெளிவாகிவிட்டது ஐயா. மகனிடமும் காட்டினேன், மாவுப் பாத்திரத்தை எடுக்க மறந்து மறந்து கதவைத் திறப்பது யார் என்று என்னைக் கேட்கிறான். கேஸ்கட் எங்கே கிடைக்கும்?

மதுரை மெக்கானிக்:
உள்ளே பக்கச் சுவரிலோ பின்புறத்திலோ மாடல் எண் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போங்கள், கீழ்க் கதவு என்று சொல்லிக் கேளுங்கள். சுருட்டி வைத்திருந்ததைத் தருவார்கள், மடிப்பு மடிப்பாக இருக்கும். மாட்டுவதற்கு முன் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால் நேராகிவிடும். மாட்டிய பிறகு இன்னொருமுறை டார்ச் வைத்துப் பாருங்கள். கீல் பக்கம் அப்போதும் வெளிச்சம் வந்தால் ரப்பரில் குறை இல்லை, கதவு தொங்கியிருக்கிறது. கீல் திருகைத் தளர்த்தி, கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து முடுக்கச் சொல்லுங்கள்.