'பாஸ்த்ரூ'வுக்கு ஒரு தமிழ்ச்சொல்: ரிசீவருக்குப் போகும் ஒலியைப் பிரிப்பது யார்?

அனைவருக்கும் வணக்கம்.

ஒலி அமைப்புகளுக்கான சொற்பட்டியலில் 'சூழொலி', 'ஒலிவழி', 'ஒளியிழைக் கம்பி' எல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டன. 'பாஸ்த்ரூ' மட்டும் நிற்கிறது. சுருக்கிய ஒலியைக் கணினி தொடாமல் அப்படியே ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு, அனுப்புவதுதான் அது. இதுவரை வந்தவை:

> ஊடுகடத்தல் (மோல்மேன் ஐயா)
> நேரனுப்பல் (மாந்தலே தம்பி)
> கடந்துசெல்லல் (பழைய பட்டியலில் இருந்தது)

மூன்றுமே இலக்கணப்படி சரி. ஆனால் மூன்றும் கம்பியைப் பற்றித்தான் பேசுகின்றன. கம்பி வழியாகப் போவது எல்லா ஒலிக்கும் பொதுதானே? இந்த அமைப்பைத் தொடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: படத்தோடு வரும் டால்பி கட்டை, அதாவது சுருக்கிக் கட்டிய ஒலியை, பிரிக்கப் போவது கணினியா, ரிசீவரா? சொல் அதைச் சொல்லாவிட்டால், ஆங்கிலம் தெரியாதவருக்கு 'பாஸ்த்ரூ'வும் 'ஊடுகடத்தல்'லும் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்து நிலவரத்தை வைத்தே சொல்கிறேன். ரங்கூனில் பலர் வீட்டில் இருப்பது ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிசீவர். 100 வோல்ட் பெட்டி என்பதால், நம் 230 வோல்ட்டுக்கு நடுவில் ஒரு மின்மாற்றி உட்கார்ந்திருக்கும். முகப்பில் 'ஏ.ஏ.சி.' (இன்னொரு ஒலிச் சுருக்க முறை) என்றொரு விளக்கு கூட இருக்கும். அது ஜப்பானின் டிஜிட்டல் ஒளிபரப்புக்காக வைத்தது, நாம் இறக்கும் படங்களுக்காக அல்ல. எச்.டி.எம்.ஐ. துளை பெரும்பாலும் இருக்காது. இருப்பது ஒளியிழைத் துளை. மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியுமே, அதுதான். 1983இல் தோஷிபா கொண்டுவந்தது.

நம் ஊருக்கு அது ஒரு வகையில் நல்லதும் கூட. செம்புக் கம்பியில் இணைத்தால் மின்மாற்றி, இன்வெர்ட்டர், கணினி எல்லாம் தரைவழியாக ஒன்றுக்கொன்று கோத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று இரைச்சல் கொடுக்கும். ஒளியிழையில் மின்சாரமே போவதில்லை, அந்த இரைச்சலும் வராது. (மீப்யெட், அதாவது மின்வெட்டு, ஆனால் ஒன்றும் கேட்காது, அது வேறு கதை.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒளியிழை வழியாகத் திறந்த ஒலி, அதாவது சுருக்காத பி.சி.எம்., இரண்டு ஒலிவழிகளுக்குத்தான் போகும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் அது நொடிக்கு சுமார் 15 லட்சம் பிட். அதே தரத்தில் ஆறு வழி என்றால் 46 லட்சம் பிட் வேண்டும். அதற்கு அங்கே இடம் ஒதுக்கவில்லை. ஆனால் டிவிடியில் வரும் டால்பி டிஜிட்டல் ஆறு வழிகளையும் சுருக்கிக் கட்டி, அதிகம் போனால் 4,48,000 பிட்டுக்குள் வைத்துவிடுகிறது. டால்பி போன்ற இன்னொரு கட்டான டி.டி.எஸ். கொஞ்சம் பருமன், 15 லட்சத்தை ஒட்டி வரும்; அதுவும் நுழைந்துவிடும்.

ஆகவே கணினி அந்தக் கட்டைத் தானே பிரித்துவிட்டால், கையில் ஆறு வழி, எதிரே இரண்டே வழி. ஆறையும் இரண்டாகக் கலந்து அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. பின் ஸ்பீக்கர் இரண்டும் சும்மா இருக்கும், அல்லது ரிசீவர் தானாக ஊகித்து எதையோ அங்கே தள்ளும். கட்டைத் தொடாமல் அப்படியே அனுப்பினால்தான் ஆறும் போய்ச் சேரும். மக்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். புதுக் கணினி பத்து வருஷத்துப் பெட்டியைவிடக் கெட்டி, அதுவே எல்லாம் செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். விண்டோஸில் ஒளியிழைக்கு 5.1 (ஆறு வழி) தேர்வே வராது. உடனே 'கார்டு பழுது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பிரிக்காமல் அனுப்புவதால் வரும் தொல்லைகளையும் பாருங்கள். படம் ஓடும்போது கணினியில் ஒலியளவை ஏற்றி இறக்கினால் ஒன்றும் நடக்காது. ரிசீவரின் ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும். மின்னஞ்சல் வந்த மணி கேட்காது. ரிசீவருக்குத் தெரியாத வகைக் கட்டு போனால், அதைத் திறந்த ஒலி என்று நினைத்து 'சர்ர்ர்' என்று கத்தும். ஒட்டிய கடிதத்தில் தபால்காரர் ஒரு வரி சேர்த்து எழுத முடியாதல்லவா, அதுபோலத்தான். இந்த மூன்று கேள்வியும் நம்மிடம் அடிக்கடி வருகிறது. சொல்லிலேயே 'பிரிக்கவில்லை' என்று இருந்தால் மூன்றுக்கும் அதுவே பதில்.

என் பரிந்துரை:

பட்டியலில் பெயராக: பிரியா ஒலி
மெனுவில்: பிரிக்காமல் அனுப்பு

கருத்துச் சொல்லுங்கள்.
ரங்கூனிலிருந்து

––––

தட்டோனிலிருந்து:

அண்ணனுக்கு வணக்கம். 'பிரிக்காமல் அனுப்பு' நன்றாக இருக்கிறது. கோயில் வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் பெரிய பிள்ளைகளிடம் காட்டினேன். தட்டுத் தடுமாறாமல் வாசித்தார்கள். 'ஊடுகடத்தல்' வாசித்தவன் ஏதோ கள்ளக்கடத்தல் என்று நினைத்துச் சிரித்துவிட்டான்.

ஆனால் 'பிரியா ஒலி' வேண்டாமே! என் வகுப்பிலேயே ஒரு பிரியா இருக்கிறாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்று. நீட்டிச் சேர்த்து எழுதும் சொல் எதுவும் இங்கே வேலைக்காகாது. இந்தப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள்தான் தமிழ் எழுத்தைப் பார்க்கிறார்கள், மற்ற நாளெல்லாம் பர்மிய எழுத்து. இரண்டு சிறு சொல்லாகப் பிரித்து எழுதினால் படிக்கிறார்கள். ஒட்டினால் விட்டுவிடுகிறார்கள்.

––––

மாந்தலேயிலிருந்து:

அண்ணே, 'நேரனுப்பல்' என் பரிந்துரைதான், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 'பிரி' மேல் ஒரு சந்தேகம். ஆறு ஒலிவழியைத் தனித்தனியாக்குவதையும் 'பிரி' என்றுதானே சொல்கிறோம்? 'பிரிக்காமல் அனுப்பு' என்றால் முன், பின், நடு எல்லாம் ஒரே ஸ்பீக்கரில் வரும் என்று ஒருவர் நினைக்கலாம். 'அவிழ்' நல்ல பழைய சொல். மொட்டு அவிழ்வதுபோல ரிசீவரில் ஒலி அவிழ்கிறது. 'அவிழா ஒலி', 'அவிழ்க்காமல் அனுப்பு' என்று வைத்தால் என்ன?

அப்புறம், கணினி விளையாட்டுகளுக்கு என்ன சொல்வது? அங்கே முன்கூட்டியே கட்டிய ஒலி எதுவும் இல்லை. சுடும் சத்தம், கார் சத்தம் எல்லாம் அந்த நொடியில் உண்டாகிறது. பிரிக்காமல் அனுப்ப ஏதும் இல்லையே.

––––

ரங்கூனிலிருந்து:

அக்கா, தம்பி, இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிரியா விவகாரம் இலக்கணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. 'பிரியா' என்பது தானாகப் பிரியாதது. நமக்கு வேண்டியது, ஒருவர் பிரிக்காதது. அதற்குப் பிறவினையில் 'பிரிக்கா' என்று இருக்கிறது. 'பிரிக்கா ஒலி'. பெண் பெயரும் இல்லை, யாரோ பிரிக்காமல் விட்டார்கள் என்பதும் தெரிகிறது. அக்கா சொன்னபடி இரண்டு சொல்லாகவே எழுதுவோம். 'பிரிக்காவொலி' என்று யாரும் புணர்த்திவிட வேண்டாம்.

'அவிழ்' அழகான சொல்தான், தம்பி, மறுக்கவில்லை. ஆனால் மெனுவில் ஒன்றுக்கு எதிராக மற்றொன்றும் நிற்க வேண்டும். ஒரு பக்கம் 'அவிழ்க்காமல் அனுப்பு', மறுபக்கம் 'அவிழ்த்து அனுப்பு'. அந்த இரண்டாவதைச் சத்தமாகப் படித்துப் பார். 'கதை அவிழ்த்து விடுகிறான்' ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். கோயில் வகுப்பில் அக்கா பாடு திண்டாட்டம்.

இரட்டைப் பொருள் பற்றி: கடிதத்தைப் பிரித்தான், பொட்டலத்தைப் பிரித்தான் என்று அன்றாடம் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. இங்கே அந்த இரண்டாவது பொருள் உண்மைக்கு எதிராகவும் இல்லை. கட்டு ரிசீவரைச் சேரும்வரை ஆறு வழியும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. ரிசீவர் கட்டைப் பிரிக்கிறது, அதிலேயே வழிகளும் பிரிகின்றன. ஒரே வினை இரண்டு வேலையும் செய்துகொடுக்கிறது, நமக்கு லாபம்தான். நீ பயப்படும் குழப்பத்துக்கு மெனுவின் கீழே ஒரு வரி விளக்கம் போதும்: 'டால்பி, டி.டி.எஸ். கட்டுகளை ரிசீவரே பிரிக்கும்.'

விளையாட்டுக் கேள்விதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. அங்கே கணினியிடம் ஆறு வழியும் திறந்தே இருக்கின்றன, ஒளியிழையில் இடம் இல்லை. அப்போது கணினியே உடனுக்குடன் டால்பி கட்டாகக் கட்டி அனுப்ப வேண்டும். 'டால்பி டிஜிட்டல் லைவ்' என்று சில ஒலி அட்டைகளில் எழுதியிருப்பது இதுதான். லினக்ஸில் அல்சா என்ற ஒலி அமைப்பின் ஏ52 செருகி இதே வேலையைச் செய்யும். படம் பார்க்கும் கோடி பிளேயரிலும் (நம் பணக் கோடி அல்ல) இதற்குத் தனித் தேர்வு உண்டு, ஏ.ஏ.சி.யில் வரும் 5.1 படங்களை மறுபடி டால்பியாகக் கட்டித்தரும். கட்டுவதற்கு நேரம் பிடிப்பதால் ஒலி ஒரு நூல் தாமதமாக வரும். படத்துக்குச் சரிசெய்துவிடலாம், விளையாடுகிறவன் முணுமுணுப்பான்.

இதற்கு 'கட்டி அனுப்பு' என்று வைத்தால் மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும்:

பிரித்து அனுப்பு
பிரிக்காமல் அனுப்பு
கட்டி அனுப்பு

மூன்றிலும் வினை கணினியுடையது, ரிசீவருடையது அல்ல. 'ஊடுகடத்தல்' பக்கத்தில் மற்ற இரண்டுக்கும் என்ன பேர் வைப்பது என்று யோசித்தால் எதுவும் ஒட்டாது. மோல்மேன் ஐயா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

––––

மோல்மேனிலிருந்து:

கோபம் எதற்கு? 'கட்டி அனுப்பு' வந்தபோதே என் சொல் தோற்றுவிட்டது. ஒரே ஒரு கேள்வி. என் மருமகன் வீட்டில் புதுப் பெட்டி, எச்.டி.எம்.ஐ. கம்பி. அங்கே பிரித்து அனுப்பினாலும் பின் ஸ்பீக்கர் பாடுகிறதே! அப்படியானால் இந்தச் சொல் பழைய பெட்டிக்கு மட்டும்தானா?

––––

ரங்கூனிலிருந்து:

இல்லை ஐயா, அங்கும் செல்லும். எச்.டி.எம்.ஐ. எட்டு ஒலிவழிவரை திறந்த ஒலியைக் கொண்டுபோகும். அதனால் கணினி பிரித்தாலும் வழி அடைபடுவதில்லை, மருமகன் தப்பித்தார். ஆனால் டால்பியின் அட்மாஸ் போன்றவற்றில் எந்தச் சத்தம் அறையில் எங்கே நகர்கிறது என்ற குறிப்பும் கட்டுக்குள் இருக்கிறது. கணினி பிரித்தால் அந்தக் குறிப்பு விடுபட்டுப்போகும், வெறும் வழிகள்தான் மிஞ்சும். அதற்குப் பிரிக்காமல்தான் அனுப்ப வேண்டும். டால்பியின் பெரிய கட்டான ட்ரூஎச்.டி. ஒளியிழையில் நுழையவே நுழையாது, எச்.டி.எம்.ஐ. 1.3 வந்த 2006க்குப் பிறகுதான் அதைக் கட்டாகவே அனுப்ப வழி பிறந்தது.

டிவி வழியாக ரிசீவருக்கு வருகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். கணினியில் பிரிக்காமல் அனுப்பியும் டிவி நடுவில் பிரித்துவிடலாம். டிவியின் ஒலி அமைப்பிலும் இதே தேர்வு ஒன்று ஒளிந்திருக்கும்; அங்கும் 'பிரிக்காமல் அனுப்பு' என்றே மொழிபெயர்த்தால் ஆட்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

சொல் சரி என்றால் நாளை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். அக்கா, விளக்க வரியை உங்கள் வகுப்பில் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். ஆறை இரண்டாகக் கலப்பதற்கு மாந்தலே தம்பி 'ஒடுக்கிக் கலத்தல்' என்று தனியாக எழுதியிருக்கிறார். அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.