பாத்ரூம் கசிவு: டைல்ஸ் மேல் டைல்ஸ் போதுமா, ஸ்லாப் வரை உடைக்கணுமா?

மாடிவீடு எழுதியது:

சென்னையில் 1990களில் கட்டிய அப்பார்ட்மெண்ட், இரண்டாவது மாடி. பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி. கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஓதம் அடிக்கிறது, ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. எங்கள் பாத்ரூம் தளம் சங்கன் ஸ்லாப், அதாவது குழாய்களுக்காகத் தாழ்த்திக் கட்டி ஜல்லியால் நிரப்பிய தளம், ஒரு அடி ஆழம்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர், டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி எபோக்சி (கலந்ததும் இறுகும் பிசின்) போட்டாலே போதும், ஒரே நாளில் முடியும் என்கிறார். இன்னொரு மேஸ்திரி பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். மூன்றாமவர் ஸ்லாப் வரை உடைத்து, குழாய் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்யணும், மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்கிறார். யார் சொல்வது சரி? முழுதாக உடைப்பதென்றால் எந்த வேலையை எந்தக் கட்டத்தில் பார்த்து வாங்கணும், எவ்வளவு சாமான் ஆகும்?

கரணை பதில்:

உடைக்கும் முன் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள் சார். மூன்று இடம்தான்: தண்ணீர் வரும் லைன், கழிவு போகும் லைன், தளம்.

முதலில் பாத்ரூமுக்கு வரும் கண்ட்ரோல் வால்வை இரவு முழுக்க அடைத்து வையுங்கள். கீழே சொட்டு நின்றாலோ குறைந்தாலோ சுவருக்குள் இருக்கும் சப்ளை குழாயில் ஓட்டை. அந்தக் காலத்துக் கட்டடமென்றால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக இருக்கும், மரை போட்ட இடத்தில்தான் முதலில் துரு தின்னும். வரும் லைனில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், நீங்கள் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் அந்தக் கசிவு ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்து கழிவு லைன். தரையில் தண்ணீர் படாமல், ஒரு குழாய் வழியாக ட்ராப்புக்குள் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) நேராக ரெண்டு மூணு பக்கெட் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் கீழே ஈரம் கூடினால் ட்ராப் ஜாயிண்டிலோ, குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்திலோ கோளாறு.

கடைசியாகத் தளம். ட்ராப் வாயில் பாலிதீன் சுற்றிய துணியை இறுக்கி அடைத்து, வாசலில் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 24 மணி நேரமாவது நிற்கணும். கலர்ப் பொடி போடச் சொல்வார்கள், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஒரு அடி செங்கல் ஜல்லிக்குள் இறங்கும்போது நிறம் வடிந்துவிடும். ஈரம் படர்ந்த எல்லையைக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்துப் பாருங்கள்.

எபோக்சி மட்டும் போடுவது தளம் மேலாகக் கசியும் கேஸுக்குத்தான் கொஞ்சம் உதவும். உங்கள் வீட்டில் கம்பி தெரியும் அளவுக்குப் பூச்சு விழுந்திருக்கிறது. அப்படியென்றால் சங்கனுக்குள் இருக்கும் ஜல்லி முழுக்க ஊறிப்போயிருக்கும். மேலே மூடினால் அந்தத் தண்ணீருக்குப் போக வழி கீழ்வீட்டுப் பக்கம் மட்டும்தான். டைல்ஸ் மேல் டைல்ஸும் இதே கதை. கூடவே தரை முக்கால் அங்குலம் ஏறி, தண்ணீர் ரூமுக்குள் வரும். மூன்றாமவர் சொல்வதே சரி.

உடைக்கும்போது பெரிய பிரேக்கர் வேண்டாம். ஸ்லாப் நாலஞ்சு அங்குலம்தான் இருக்கும், அதிர்வில் விரிசல் விடும். டைல்ஸுக்கும் மேல் ஜல்லிக்கும் சின்ன மெஷின், கடைசி ரெண்டு அங்குலம் உளியும் சுத்தியலும் மட்டும்.

இடிபாடு எவ்வளவு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 40 சதுர அடி, ஒரு அடி ஆழம் என்றால் 40 கன அடி, கிட்டத்தட்ட இரண்டு டன். சுவர் டைல்ஸும் பூச்சும் சேர்ந்து ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 25 கிலோ சாக்காகக் கட்டினால் நூறைத் தாண்டும். மூட்டை இறக்கும் கூலி, வண்டி வாடகை யார் தலையில் என்று இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் வேலை நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

பைப்லைன் பதில்:

குழாய் வேலையில் கவனிக்க வேண்டியது.

டாய்லெட் கிளையை வெளியே மெயின் ஸ்டாக்கிலிருந்து (எல்லா மாடிக் கழிவும் இறங்கும் செங்குத்துக் குழாய்) கழற்றியவுடன் அந்த வாயில் எண்ட் கேப் போடச் சொல்லுங்கள். திறந்து விட்டால் ஜல்லி விழுந்து தரைத்தள வீட்டில் அடைத்துக்கொள்ளும். ஸ்டாக் வார்ப்பிரும்பு என்றால் பி.வி.சி.யைச் சும்மா செருகி சிமெண்ட் பூசக் கூடாது, அதற்கான அடாப்டர் உண்டு. கல்நார் குழாயாக இருந்தால் கிரைண்டர் வைத்து உலர்வாக வெட்ட விடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் ஊற்றிக் கைரம்பத்தால் அறுக்கணும், மாஸ்க் கட்டாயம்.

கழிவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாய், ஐ.எஸ். 13592 என்று இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். டாய்லெட்டுக்கு 110 மி.மீ., தரை ட்ராப்புக்கு 75 மி.மீ. வாட்டம் நாலடிக்கு ஒரு அங்குலம். ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கணும், அதற்குக் குறைந்தால் வெயில் காலத்தில் வற்றி நாற்றம் வரும். குழாயை ஜல்லி மேல் சும்மா படுக்க வைக்காமல், செங்கல் வைத்துத் தாங்கல் கொடுக்கணும். பிறகு நிரப்பும்போது ஆள் மிதித்துத்தான் ஜாயிண்ட் விலகுகிறது.

வெஸ்டர்ன் டாய்லெட் வாங்கும் முன் அளவு எடுங்கள். எஸ் ட்ராப் (கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும் வகை) என்றால் பின்சுவரிலிருந்து குழாய் மையம் 9 அங்குலமா, 12 அங்குலமா. இந்த அளவு டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து. வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்து வாங்கினால் பூச்சும் டைல்ஸும் ஒரு அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், டாய்லெட் உட்காராது.

சப்ளைக்கு சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்). வெந்நீர் லைனுக்கு எஸ்.டி.ஆர். 11 (குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் எண்). சி.பி.வி.சி.க்கு அதற்கான சால்வென்ட்தான், கையில் இருக்கிறதே என்று யு.பி.வி.சி. பசையைத் தடவினால் வெந்நீர் போகப்போக ஜாயிண்ட் விடும். டேப் வரும் ஒவ்வொரு முனையிலும் பித்தளை மரை வைத்த எல்போ. பிளாஸ்டிக் மரையில் டேப்பை இறுக்கினால் சுவருக்குள்ளேயே கீறும். வால் மிக்சருக்கு (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் டேப்) சூடு, பச்சை ரெண்டு முனைக்கும் நடுவே மையத்திலிருந்து மையம் 150 மி.மீ., இரண்டும் ரசமட்டத்தில்.

எல்லா முனையிலும் பிளக் போட்டு, ஒட்டிய மறுநாள், கைப் பம்பு வைத்துச் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கணும். இதை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்கு முன் சுவர்க் காடியை (குழாய்க்காக வெட்டிய பள்ளம்) பூச விடாதீர்கள். கீசருக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்ப் பாயிண்ட், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் இப்போதே கேளுங்கள், சுவர் திறந்திருக்கும்போதே முடிப்பது நல்லது.

வாட்டம் பதில்:

வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ் பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்லாப் வெளியே வந்ததும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவணும். தேன்கூடு மாதிரி பொத்தல் இருக்கும் இடம், குழாய் சுவரைத் துளைக்கும் இடம் இரண்டையும் சுருங்காத கிரௌட் (பொத்தல் நிரப்பும் கலவை) வைத்து அடைக்கணும். வெறும் சிமெண்ட் அடைத்தால் காய்ந்ததும் மயிரிழை விலகும், அது போதும் தண்ணீருக்கு. தரையும் சுவரும் சேரும் மூலை முழுக்க ரெண்டு அங்குலத்துக்கு ரெண்டு அங்குலம் முக்கோணமாகக் கலவை வைத்து உருட்டி விடணும், சிமெண்டும் மணலும் 1:3, பாலிமர் கலந்து. செங்குத்து மூலையில் கோட்டிங் நிற்காது, அங்கேதான் கிழியும்.

கோட்டிங், பொடியும் திரவமும் கலக்கும் பாலிமர் சிமெண்ட் வகை. முதல் கோட் ஒரு திசை, காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்கே, மூலைகளில் ஃபைபர் வலை. சங்கன் தரை, அதன் பக்கச் சுவர், அதற்கு மேலே ஒரு அடி, ஷவர் பக்கம் ஆறடி வரை. உங்கள் அளவுக்குச் சுமார் 150 சதுர அடி. இரண்டு கோட்டுக்கும் சேர்த்து 25 முதல் 30 கிலோ ஆகும். ஒரு டப்பாவில் முடித்துவிட்டேன் என்றால் தண்ணீர் கலந்து நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நாலைந்து நாள் காய விட்டு, 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துவிடுங்கள். பக்கெட்டில் இறங்கியது வெயிலுக்கு ஆவியானது, அதை விட அதிகமாகத் தளத்தில் இறங்கியிருந்தால் கசிகிறது. கீழ்வீட்டாரும் வந்து பார்க்கட்டும்.

பிறகு கோட்டிங் மேல் முக்கால் அங்குலம் பாதுகாப்புப் பூச்சு. அது இல்லாமல் ஜல்லி கொட்டினால் செய்த வேலை எல்லாம் குத்துப்பட்டுப் போகும். நிரப்புவதற்குப் பழைய செங்கல் ஜல்லியே வேண்டாம். ஏ.ஏ.சி. (நுண்துளை உள்ள லேசான சிமெண்ட்) பிளாக் துண்டுகளை அடுக்கிச் சிமெண்டால் கட்டினால் எடை மூன்றில் ஒரு பங்காகும். அதுவும் தண்ணீர் குடிக்கும் பொருள்தான், அதனால் மேலே ரெண்டு அங்குலம் வாட்டத்தோடு தளம் போட்டு அதன் மேல் இன்னொரு முறை ரெண்டு கோட் அடிக்கணும், அதற்குத் தனியாகச் சாமான் வாங்குங்கள். இந்த மேல் கோட்டிங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள், என் கணக்கில் கீழே அடிப்பதை விட இதுதான் முக்கியம்.

சங்கன் அடியிலிருந்து வெளியே ஒரு முக்கால் அங்குலக் குழாய் விடச் சிலர் சொல்வார்கள். ஸ்லாப்பே அந்தப் பக்கம் வாட்டமாக இருந்தால் மட்டும் விடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் அங்கே வராது, நீங்கள் போட்ட துளைதான் புதுக் கசிவாகும்.

டைல்ஸ்: விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, சிமெண்ட் பால் பிடிக்காது. ஐ.எஸ். 15477 டைப் 2 அட்ஹெசிவ் (டைல்ஸ் ஒட்டும் பசைப் பொடி) வாங்குங்கள். ஏழடி உயரம் வரை சுவர் 165, தரை 40, மொத்தம் 205 சதுர அடி. 20 கிலோ பை 40 முதல் 45 சதுர அடி வரும், ஐந்து அல்லது ஆறு பை ஆகும். டைல்ஸ் பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில். பல் கரணையால் இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெலிதாகத் தடவி ஒட்டணும். நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டினால் நடுவே காலியாக நிற்கும், தட்டிப் பார்த்தாலே தெரியும்.

தரைக்கு 1 அடி டைல்ஸ், வழுக்காத வகை. பெரிய டைல்ஸில் நாலு பக்க வாட்டம் எடுக்க முடியாது. எட்டடிக்கு ஒரு அங்குலம் வாட்டம், குளிக்கும் பக்கம் கொஞ்சம் கூட. ட்ராப் மூலையில் இருக்கட்டும்.

இடுக்கு 2 மி.மீ. வைத்தால் மொத்தத்துக்கும் எபோக்சி மூன்று கிலோ போதும். ஒரு பாக்கெட்டில் பாதி எடுத்துக் கலக்கக் கூடாது, விகிதம் மாறினால் இறுகவே இறுகாது. நம்ம ஊர் வெயிலில் கலந்த அரை மணிக்குள் போட்டுத் துடைக்கணும். தரையும் சுவரும் சேரும் கோட்டிலும் டேப் துளைகளைச் சுற்றியும் மட்டும் எபோக்சி வேண்டாம், சானிட்டரி சிலிகான். அந்த இடம் அசையும், எபோக்சி அசையாது.

மாடிவீடு எழுதியது:

ரொம்ப நன்றி. மேஸ்திரியிடம் பேசும்போது பணத்தை எப்படிப் பிரிப்பது? கீழ்வீட்டுக்காரர் சீலிங்கை உடனே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துத் தரச் சொல்கிறார்.

கரணை பதில்:

நாள் கணக்கில் பணம் தராதீர்கள், சோதனைக் கணக்கில் தாருங்கள். உடைத்து மூட்டை இறங்கியதும் ஒரு பங்கு, பம்பு சோதனை முடிந்ததும் ஒன்று, 48 மணி நேரத் தண்ணீர் நின்றதும் ஒன்று, டைல்ஸ் முடிந்ததும் ஒன்று. பத்து சதவீதம் ஒரு மாதம் கழித்து. சாமான் நீங்கள் வாங்கினால் பில்லும் காலி டப்பாவும் கையில் இருக்கும், லேபர் மட்டும் அவரிடம் விடுங்கள். "பத்து வருஷ கேரண்டி" என்று வாயால் சொல்வது உதவாது. கசிந்தால் உடைப்பதும் டைல்ஸ் வாங்குவதும் யார் செலவு என்று ஒப்பந்தத் தாளில் எழுதியிருக்கணும்.

இருபத்தைந்து நாள் வரை வையுங்கள். அதில் வேலை பாதிதான், மீதி காய்வதற்கும் தண்ணீர் நிற்பதற்கும். பத்து நாளில் முடிப்பேன் என்கிறவர் எதைக் காய விடாமல் விடுகிறார் என்று கேளுங்கள்.

கீழ்வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மேலே கசிவு நின்ற பிறகும் ஸ்லாப்புக்குள் இருக்கும் ஈரம் வடிய ஒரு மாதமாவது ஆகும். ஈரத்தின் மேல் பட்டி வைத்தால் உப்பிக்கொண்டு உரியும். இப்போதைக்குத் தொங்கும் பூச்சை மட்டும் தட்டி எடுத்துவிடுங்கள், தலையில் விழாமல் இருக்கும். காய்ந்த பிறகு கம்பியைச் சுற்றிப் பின்பக்கமும் விரல் நுழையும்படி கொத்தி, துரு போய்க் கம்பி பளபளக்கும்வரை தேய்த்து, துத்தநாக ப்ரைமர் அடித்து, பாலிமர் கலவையால் பூசணும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பூச்சோடு விடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும்.